காசு போட்டு ஆடிய ஆட்டங்கள்

திருவனந்தபுரத்திற்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் நிற்பது பொன்முடி. நெடுமங்காட்டையும் விதுராவையும் கடந்து, கல்லாற்றின் கரையை விட்டு மேலேறத் தொடங்கினால் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உச்சி கடல் மட்டத்திற்கு மேல் 1,100 மீட்டர். தேயிலைத் தோட்டமும் புல்வெளியும் அங்கே உண்டு. தமிழ் முனிவரின் பெயரைத் தாங்கிய அகத்தியர் மலையும் அதே மலைத்தொடரில் உள்ளதே. பெயருக்கேற்ப முடி பொன்னாக ஒளிரும் காலைப்பொழுதும் உண்டு என்பர். நாம் குடும்பத்தோடு சென்றிருந்த அன்று பொன்னையும் காணோம், முடியையும் காணோம். பத்தடிக்கு அப்பால் எல்லாம் மூடுபனி.

பனி விலகும் வரை ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். செல்பேசிக்கு அலை எட்டவில்லை. ஆதலால் நம் பதினோரு வயது மகனுக்குப் படக்காட்சிகளும் இல்லை, நண்பர்களோடு பேச்சும் இல்லை. கருவியினுள் எப்பொழுதோ இறக்கி வைத்திருந்த ஒரு சிறு விளையாட்டைத் திறந்தான். கருந்திரையில் நீலக் கோடுகளாலான புதிர்வழி. அதனுள் மஞ்சள் நிற வட்டம் ஒன்று வாயைத் திறந்தும் மூடியும் புள்ளிகளை விழுங்கிக்கொண்டு ஓட, நான்கு பேய்கள் துரத்தின. எட்டிப் பார்த்த நமக்குத் திகைப்பு. அது ‘பாக்மேன்’. 1980-இல் தோன்றியது. நமக்கும் ஏறத்தாழ அதே வயது. நம் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அந்த மஞ்சள் வட்டத்துக்கோ ஒரு சுருக்கமும் விழவில்லை.

நேயர்களே, தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் அகமதாபாத்திலும் வாழும் உங்களுள் நாற்பதைக் கடந்தோர் பலர், ஊரில் பேருந்து நிலையத்தை அடுத்த ஏதேனும் ஓர் இருட்டறையில், நின்றவாறே, ஒரு ரூபாய்க்கு இத்தகைய ஆட்டம் ஆடியிருப்பீர்கள். வீட்டில் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த ஆட்டங்கள் எங்கிருந்து வந்தன, ஏன் இன்னும் சாகாமல் இருக்கின்றன என்பதைச் சற்றே ஆராயலாம்.

காசு போட்டு ஆடும் பொறி தொலைக்காட்சித் திரைக்கு முற்பட்டது. சரிவான பலகையில் உலோகக் குண்டை உந்திவிட்டு ஆடும் ‘பின்பால்’ அமெரிக்கக் கடைவீதிகளில் முதலில் புகுந்தது. அது சூதாட்டமே எனக் கருதிய நியூயார்க் நகராட்சி 1942-இல் அதற்குத் தடை விதித்தது. தடை நீங்கியது 1976-இல். இளைஞர் மகிழ்வதைக் கண்டு முதியோர் அஞ்சுவது எந்த நாட்டிற்கும் புதிதன்று. பிற்காலத்தே, 1981-இல், பிலிப்பைன்ஸ் நாட்டின் அதிபர் மார்க்கோசும் வீடியோ விளையாட்டுப் பொறிகளைத் தடைசெய்தார்.

திரையில் ஆடும் ஆட்டமோ ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலார், பார்வையாளர் வரும் நாளில் அவர்கள் சலிப்புறலாகாதே என்று, அலைகாட்டியின் சிறு திரையில் டென்னிஸ் பந்து ஒன்றைத் துள்ளவைத்தார். மக்கள் வரிசையில் நின்று ஆடினர். அவர் அதற்குக் காப்புரிமை கோரவும் இல்லை. 1962-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து மாணவர், அறையளவு கணிப்பொறி ஒன்றில் விண்கலப் போர் ஆட்டம் அமைத்தனர். அதை ஆட விரும்புவோர்க்கு வேண்டியது ஒரு பல்கலைக்கழகக் கணிப்பொறி. அஃது யாரிடம் இருக்கும்?

அதனைத் தெருவுக்குக் கொணர்ந்தவர் நோலன் புஷ்னெல். டெட் டாப்னி என்பாரோடு கூடி அவர் 1971-இல் வெளியிட்ட முதற்பொறி, விண்கலப் போரின் வழிவந்தது. கட்டளைகள் மிகுதி. மது அருந்த வந்தவன் நின்று படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தமையால் பெரிதும் பரவவில்லை. மறு ஆண்டு இருவரும் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினர். புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்ன் என்னும் பொறியாளருக்குக் கைப்பழக்கத்திற்காகக் கொடுக்கப்பட்ட வேலையே ‘பாங்’. இரண்டு மட்டைகள், ஒரு பந்து, ஒரு வலை. கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் மாதிரிப் பொறியை வைத்தனர். சில நாளில் பொறி பழுதாயிற்று என்று செய்தி வந்தது. அல்கார்ன் சென்று திறந்து பார்த்தார். பழுது எதுவும் இல்லை. காசுப்பெட்டி நிரம்பி வழிந்து, மேற்கொண்டு ஒரு நாணயமும் உள்ளே போக இடமின்றி அடைத்திருந்தது! இத்துறையின் வரலாற்றில் இதற்கு நிகரான இனிய பழுது வேறொன்று இல்லை. அந்த ஆட்டத்தின் விதி முழுவதும் ஒரே வரியில் அடங்கியது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பந்தைத் தவறவிடாமல் இருந்தால் புள்ளி சேரும் என்பதே அது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தையும் வருமான வரிக் குறிப்பையும் மொழிபெயர்த்து நாள் கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு அந்த ஒருவரிச் சட்டத்தின்மேல் பொறாமையே எழுகிறது.

1978-இல் களம் ஜப்பானுக்கு மாறிற்று. டைட்டோ நிறுவனத்தின் தோமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் ஆட்டத்தை ஏறக்குறையத் தனியொருவராகவே ஆக்கினார். வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசை, ஆக 55 வேற்றுலகப் பகைவர், பக்கவாட்டில் அசைந்து அசைந்து கீழிறங்குவர். ஆடுவோன் அடியிலிருந்து சுடவேண்டும். பகைவர் குறையக் குறைய, எஞ்சியோர் விரைந்து வருவர். இறுதி ஒருவன் பாய்ந்தே வருவான். ஆடியோர் அனைவரும் நிஷிகாடோ நுட்பமாகத் திட்டமிட்ட அச்சமூட்டல் இது என எண்ணினர். உண்மை வேறு. அந்நாளைய செயலிக்கு 55 உருவங்களை வரைந்து நகர்த்துவது பெருஞ்சுமை. உருவங்கள் குறைந்தபோது சுமை இறங்கிப் பொறி தானே விரைந்தது. கருவியின் இயலாமையால் விளைந்த அவ்விளைவைக் கண்ட நிஷிகாடோ அதைத் திருத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டார். நான்கே சுரங்கள் கொண்ட கட்டை ஒலியும் உடன் விரைந்து, ஆடுவோன் நெஞ்சு அடித்துக்கொள்வது போலவே அடித்துக்கொள்ளும். இந்த ஆட்டத்தால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்றொரு கதை நூல்தோறும் காணப்படுகிறது. அவ்வாண்டுகளின் நாணயக் கணக்கு அக்கதைக்குத் துணை நிற்கவில்லை. கதை மட்டும் நிற்கிறது.

இனிப் பாக்மேன். நாம்கோ நிறுவனத்தின் தோரு இவாதானிக்கு அப்பொழுது வயது 25. விளையாட்டுக் கூடங்களில் ஆடவரே நிறைந்து, சுடுவதும் கொல்வதுமாக இருந்தமை அவருக்குப் பிடிக்கவில்லை. மகளிரும் இணையராக வருவோரும் நுழையத்தக்க ஓர் ஆட்டம் வேண்டும் என எண்ணி, உண்ணுதலைக் கருப்பொருளாக எடுத்துக்கொண்டார். வாயைத் திறந்து மூடி உண்ணும் ஓசையை ஜப்பானியர் ‘பகு பகு’ என்பர். பெயர் அதிலிருந்தே வந்தது. முதலில் ‘பக்மேன்’ என்றே பெயர். அமெரிக்காவில் விற்கப் புகுந்தபோது, அதன் முதலெழுத்தின் ஒரு வளைவை எவனேனும் சுரண்டிவிட்டால் பெரும் வசைச்சொல்லாகிவிடுமே என அஞ்சிப் பெயரை மாற்றினர். மொழிபெயர்ப்பாளர் படும் தொல்லைகளுள் இத்தகையதும் ஒன்று. இடையே ஒரு சொல்: பிளந்த பெருவாயைப் ‘பகுவாய்’ என்பது நம் பழந்தமிழ் வழக்கு. ஜப்பானிய ஓசைக்கும் தமிழ் வினைக்கும் உறவு கற்பிக்க நாம் துணியோம். எனினும், அந்த மஞ்சள் வட்டத்துக்கு யாரேனும் தமிழ்ப்பெயர் கேட்டால் நம்மிடம் ஆயத்தமாக ஒன்று இருக்கிறது.

புதிர்வழியில் சிறு புள்ளிகள் 240, பெரும்புள்ளிகள் 4. பேய்கள் நான்கும் ஒரே வடிவின. ஆனால் இயல்பு வேறு. சிவப்புப் பேய் நாயகனையே குறிவைத்துத் துரத்தும். இளஞ்சிவப்பு அவன் நோக்கும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறிவைத்து மறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்பின் இருப்பிடத்தையும் அவன் போக்கையும் சேர்த்துக் கணக்கிடும். ஆதலால் அது வரும் வழியை எளிதில் ஊகிக்க இயலாது. ஆரஞ்சுப் பேய் விந்தையானது. தொலைவிலிருந்து ஆர்வத்தோடு வரும். எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் மனம் மாறித் தன் மூலைக்குத் திரும்பிவிடும். அலுவலகங்களில் நாம் இந்நால்வரையும் பார்த்திருக்கிறோம். நான்கும் ஒன்றுபோலவே துரத்தினால் நான்கும் நாயகன் பின்னே வாலாக நீளும், ஆட்டம் சப்பென்று போகும் என்பதை இவாதானி உணர்ந்திருந்தார்.

அந்தத் துரத்தலில் தற்செயல் என்பது இல்லை. ஒரே வழியில் ஓடினால் பேய்களும் ஒரே வழியில்தான் வரும். இதனை அறிந்தோர் கட்டம் கட்டமாக மனப்பாடம் செய்து மணிக்கணக்கில் ஆடினர். 255 படிகளைத் தாண்டியோர் 256-ஆம் படியில் வியப்புற்றனர். திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்தும் குறியுமாகச் சிதைந்து கிடந்தது. படிகளை எண்ணப் பொறிக்குள் ஒதுக்கப்பட்டிருந்த இடம் எட்டே பிட். அதில் 255-க்கு மேல் எண்ண இடமில்லை. அவ்வளவு தொலைவு எவனும் வரமாட்டான் என ஆக்கியோர் எண்ணினர். பிழையே இன்றி ஆடினால் அதுவரை சேர்க்கத்தக்க புள்ளி 33,33,360. அந்த எண்ணையும் மனிதர் எட்டினர்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அக்காலத்து ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் வெற்றி என்பதே கிடையாது. பகைவர் அழிந்தால் அடுத்த அணி வரும். புள்ளிகள் தீர்ந்தால் மீண்டும் நிரம்பும். ஆடுவோன் செய்யக்கூடியது போட்ட காசுக்கு எவ்வளவு நேரம் நிலைத்து நிற்பது என்பது ஒன்றே.

1992-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் நாம் சிறுவனாக இருந்தபோது, புத்தகம் வாங்கிய சில்லறையோடு அத்தகைய அறை ஒன்றிற்குள் நுழைந்துவிட்டோம். வெளிநாட்டில் ஓய்ந்த பெட்டிகளே நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன போலும். பாக்மேன் பெட்டியின் மூலைகள் தேய்ந்திருந்தன. மூன்றாவது ரூபாயின்போது தோளுக்குப் பின்னே தந்தையார் நிற்பதைக் கண்டோம். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டோம். அவர் சிறிது நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “இதில எப்பலே ஜெயிக்கிறது?” என்றார். “ஜெயிக்க முடியாதுப்பா. எவ்வளவு நேரம் சாகாம இருக்கோம்கிறதுதான்” என்றோம். “அப்ப நம்ம வீட்டுக் கணக்கு மாதிரிதான்” என்று சொல்லி, கையைப் பற்றி வெளியே அழைத்து வந்தார். அவர் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதியவர். வழியில் வேறொன்றும் பேசவில்லை. அந்த மூன்று ரூபாயைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பின்னரும் கேட்கவில்லை.

1993-இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆட்டம் அதன்பின் நம் நாட்டுக் கூடங்களை ஆண்டது. அதன் முறையான பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. அந்தப் பெயரை நம் சிறுவர் யாரும் சொல்லவில்லை. அதிலுள்ள நால்வருள் ஒருவன் பெயர் முஸ்தபா. தமிழ்நாட்டிலிருந்து வடநாடு வரை எல்லாச் சிறுவரும் ஆட்டத்துக்கே ‘முஸ்தபா’ என்று பெயரிட்டுவிட்டனர். எந்த அலுவலகமும் ஆணை பிறப்பிக்காமல், எந்தக் குழுவும் கூடாமல் நிகழ்ந்த மொழிபெயர்ப்பு அது. நம் பணியில் அத்தனை விரைவாக ஒரு சொல்லும் நிலைபெற்றதில்லை.

வட அமெரிக்காவில் இத்தொழில் 1983-இலேயே சரிந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் கருவிகள் பெருகின. பின்னர்க் கணிப்பொறி வந்தது, செல்பேசி வந்தது. நம் ஊர்களிலும் இருட்டறைகள் ஒவ்வொன்றாகச் செல்பேசி பழுதுபார்க்கும் கடைகளாக மாறின. பெட்டிகள் பழைய இரும்பு விலைக்குப் போயின.

பெட்டி போனால் ஆட்டமும் போகவேண்டியதே. அதன் நிரல் சில்லுகளில் எழுதப்பட்டிருந்தது. சில்லுகளும் காலத்தால் கெடும். 1993-க்குப் பின் வந்த கேப்காம் பலகைகள் சிலவற்றில், கள்ளப்படி எடுப்போரைத் தடுக்க ஒரு மின்கலம் பொருத்தப்பட்டிருந்தது. மின்கலம் தீர்ந்ததும் திறவுகோல் அழிந்து ஆட்டமே நின்றுவிடும். ஆர்வலர் அதனைத் ‘தற்கொலை மின்கலம்’ என்றே அழைத்தனர். 1997-இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா, பழைய பொறியைக் கணிப்பொறிக்குள் அப்படியே நடிக்கச்செய்யும் ‘மேம்’ என்னும் நிரலை வெளியிட்டார். அதன் தொடக்கமே பாக்மேன் பொறியை நடிப்பிக்கும் முயற்சிதான். அதன்பின் பல நாட்டு ஆர்வலர், ஊதியம் பெறாமல், பலகை பலகையாகத் தேடி, சில்லு சில்லாகப் படியெடுத்து ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் காத்தனர். உரிமையாளரான நிறுவனங்களுள் சில சினந்ததும் உண்டு. நமக்கு இச்செய்தி ஓலைச்சுவடிகளை நினைவூட்டுகிறது. ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டே. படியெடுத்தோர் இருந்த வீட்டில் நூல் தங்கியது. இல்லாத வீட்டில் செல்லுக்கு இரையாயிற்று. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்ததும் அதனாலன்றோ! 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் தன் சேகரிப்பில் சேர்த்த 14 வீடியோ விளையாட்டுகளுள் பாக்மேனும் ஒன்று. மதுக்கடை மூலையிலிருந்து கலைக்கூடத்துச் சுவர் வரை அதற்கு 32 ஆண்டுகள் ஆயின.

விளையாட்டிடம் பாழாவது பற்றி நம் புறநானூற்றில் ஒரு காட்சி உண்டு. மருதன் இளநாகனார் பாடிய 52-ஆம் பாட்டு. வழிபாடு நின்றுபோன பொதுமன்றம். அங்கே நரைத்த முதியோர் சூதாடிக் காய்களை உருட்டியதனால் தரையில் குழி விழுந்திருக்கிறது. இன்று முதியோரும் இல்லை, காயும் இல்லை. அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. பெட்டியின் தேய்ந்த மூலைகளை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குழிகள் நம் முன்னே வருகின்றன. எத்தனை கை பட்டால் கல் தேயும்! கீழடி அகழாய்வில் கிடைத்த சுடுமண் ஆட்டக்காய்களும் தந்தப் பகடையும் அத்தகைய கைகள் விட்டுச் சென்றவையே.

பொன்முடிக் கடைக்குத் திரும்புவோம். நாம் இவற்றையெல்லாம் மகனுக்குச் சொல்லத் தொடங்கி, அவன் பாதியும் கேளாமல் ஆடிக்கொண்டிருக்க, பக்கத்து மேடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார். தோட்டத்தில் கொழுந்து நிறுத்தவராம். மூன்று தலைமுறையாக மலையிலே இருப்பவர். தமிழ் நாகர்கோவில் பக்கத்து வாடை வீசியது. “என்ன மக்கா, நாலு பேரு சேர்ந்து ஒருத்தன வெரட்டுகானுவ?” என்றார். மகன் பேய்களின் இயல்பை மலையாளத்திலும் தமிழிலுமாகக் கலந்து விளக்கினான். அவனுக்குத் தமிழ் பேச வரும். படிக்க வராது. பள்ளியில் அதற்கு இடமில்லை, வீட்டில் நமக்கு நேரமில்லை. பிறர் எழுதியதைத் தமிழாக்கி ஊதியம் பெறும் நாம் இதைச் சொல்ல நாணவேண்டும். சொல்லிவிட்டோம்.

கிழவர் அடுப்படியிலிருந்து கரித்துண்டு ஒன்றை எடுத்துச் சிமெண்டு மேடையில் ஒரு முக்கோணம் வரைந்தார். உச்சியிலிருந்து கோடுகள், குறுக்கே கோடுகள். 23 முனைகள். ஆடு புலி ஆட்டம். புலி 3, ஆடு 15. பாக்குத் துண்டுகள் புலிகளாயின. தரையில் பொறுக்கிய சிறு கற்கள் ஆடுகளாயின. மகன் புலிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆடு ஒன்றைக்கூடத் தின்ன இயலாமல் மூன்று புலிகளும் அடைபட்டுப் போயின. இரண்டாம் முறையும் அவ்வாறே.

“மூணு புலியும் ஒரே பக்கம் போனா ஆடு தப்பிச்சிரும் மக்கா. ஒண்ணு வெரட்டணும், ஒண்ணு மறிக்கணும், ஒண்ணு சும்மா நிக்கணும்” என்றார் அவர்.

இவாதானியின் பெயரை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. மகன் சட்டென்று நம்மை நிமிர்ந்து பார்த்தான். பின்பு செல்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, “ஒரு தடவைகூட, தாத்தா” என்றான். நடுவே பனி விலகி, மலை வெயிலில் நின்றதாம். எதிரில் இருந்தோர் சொல்லித்தான் தெரியவந்தது. நாம் பார்க்கும்போது மீண்டும் மூடியிருந்தது.

வீடு சேர்ந்த அன்றிரவே, அட்டையில் 23 முனைகளையும் அவன் நினைவிலிருந்து வரைந்துவிட்டான். ஆடுகளுக்குப் புளியங்கொட்டை வேண்டும் என்றான். வீட்டிலோ கொட்டை நீக்கிய புளி. மறுநாள் அலுவலகம் விட்டதும் சாலைக் கடைத்தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி, கொட்டையோடு கூடிய பழம்புளி ஒரு கிலோ வாங்கி வந்தோம்.